சனி, ஞாயிறு எங்கே போவது? சுங்கை சிப்புட்டில் ஆங்கிலம் கற்பிப்பவருக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து இரண்டு நாளில் போய்வரக்கூடிய இடங்கள் ஏழெட்டு இருக்கின்றன. எங்கும் போகாமல் ஊரிலேயே இருந்துவிடுவதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். எது அழகான இடம் என்று வாக்குவாதம் தேவையில்லை. பினாங்கும் அழகுதான், கேமரன் மலையும் அழகுதான். ஆனால் ஐந்து நாள் முப்பது நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று ஆங்கிலத்தில் தொண்டை கிழியப் பேசிய ஒருவருக்கு உண்மையில் ஓய்வு தருவது எது என்று கேட்டால், சுற்றுலாக்காரர்களின் வரிசை தலைகீழாகிவிடும்.

வேறு நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவருக்கு மூன்று கணக்குகள் முக்கியம். எத்தனை முறை வண்டி மாற வேண்டும்? அங்கே எவ்வளவு பேச வேண்டியிருக்கும்? ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப முடியுமா? திங்கள் காலை ஏழரைக்கெல்லாம் பள்ளி தொடங்கிவிடும் நாட்டில் மூன்றாவது கணக்கை விட்டவர்கள், அடுத்த வாரம் முழுக்க அதற்கு வட்டி கட்டுவார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நாள்காட்டியைப் பாருங்கள். பேராக்கில் விடுமுறை சனி, ஞாயிறு. பக்கத்து மாநிலமான கெடாவில் வெள்ளி, சனி. சுங்கைப் பட்டாணியில் வேலை செய்யும் நண்பருடன் சேர்ந்து போகலாம் என்றால் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். பெருநாளை ஒட்டிக் கூடுதல் விடுமுறை கொடுத்த பள்ளிகள் அதை ஒரு சனிக்கிழமை பதில் பள்ளி வைத்து ஈடுகட்டும். அந்தத் தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் ரயில் டிக்கெட் எடுத்தால் பணம் போகும். பள்ளி விடுமுறை வாரங்களையும் நீண்ட வார இறுதிகளையும் தனியாக வட்டமிடுங்கள். நாடே கிளம்பும் நாட்கள் அவை.

ஊரிலேயே இருப்பது

கையில் காசு செலவாகாத, வண்டி மாறத் தேவையில்லாத தேர்வு. ஆனால் பலருக்கு இதில்தான் ஓய்வு கிடைப்பதில்லை. காரணம் சுலபம்: ஊர் சிறியது, ஆசிரியரை எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டுக் கடையில் மாணவனின் அம்மா நிற்பார். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நான்காம் படிவத்துப் பையன் கடைக்குப் பின்னால் அப்பாவுக்கு உதவிக்கொண்டிருப்பான். "டீச்சர், எங்க பிள்ளைக்கு இங்கிலீஷ் எப்படி வருது?" என்று ஆரம்பித்தால் கோப்பி ஆறிப்போகும் வரை நின்று பதில் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் ஆசிரியர் என்றால் இன்னும் கூடுதல். கல்யாணம், கோயில் திருவிழா, மஞ்சள் நீராட்டு என்று அழைப்பிதழ் வந்துகொண்டே இருக்கும். போகாவிட்டால் மனக்குறை. எல்லாவற்றுக்கும் போனால் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே இருக்காது. மண்டபத்துக்குப் போய், மொய்க் கவரைக் கொடுத்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் விடைபெறுவதை இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி வரை இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வது வந்தவர்தான்.

எந்த வார இறுதியில் ஊரில் இருப்பது என்பதிலும் கணக்கு உண்டு. தொழிலாளர் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். அதனால் அந்தத் தேதியை ஒட்டிய சனி, ஞாயிறில் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக டவுனுக்கு வருவார்கள். வங்கி இயந்திரத்தில் வரிசை, மளிகைக் கடையில் வரிசை, முடி வெட்டும் கடையில் ஒரு மணி நேரக் காத்திருப்பு. வெளியூர் போக ஏற்ற வாரம் அது. மாதக் கடைசி வாரத்தில் டவுன் அமைதியாக இருக்கும். ஊரில் தங்க அதை வைத்துக்கொள்ளலாம்.

அப்படித் தங்கும்போது மூன்று வேலைகளை வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டால்தான் மற்ற இரண்டு நாளும் உங்களுடையது. முதலாவது கட்டுரைத் திருத்தம். 35 தாள், ஒன்றுக்கு 6 நிமிடம் என்றால் மூன்றரை மணி நேரம். வீட்டுக்குக் கொண்டுபோனால் அது ஞாயிறு இரவு பத்து மணிக்குத்தான் திறக்கப்படும். வெள்ளியன்று பள்ளியிலேயே உட்கார்ந்து பாதியையாவது முடியுங்கள். இரண்டாவது துணி. தானியங்கி டோபிக் கடையில் துவைக்க அரை மணி, காயவைக்க ஏறக்குறைய அதே நேரம். ஞாயிறு காலை போனால் எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும், வெள்ளி இரவு போனால் காலியாக இருக்கும். வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு வெளியே போவதை மறந்துவிடுங்கள், இங்கே மாலை மழை சொல்லாமல் வரும். மூன்றாவது பள்ளியின் வாட்ஸ்அப் குழுக்கள். சத்தத்தை அடைத்துவைத்துவிட்டு, ஞாயிறு மாலை ஒரு முறை மட்டும் பார்த்தால் போதும்.

ஊரில் கிடைக்கும் உண்மையான சொகுசு ஞாயிறு காலைச் செம்பனைத் தோட்ட நடை. பொழுது விடிய ஏழு மணி தாண்டும். ஏழேகாலுக்குக் கிளம்பி எட்டரைக்குள் திரும்பிவிட்டால் வெயில் உறைக்காது. பெரும்பாலான தோட்டங்களில் ஞாயிறு ஓய்வு நாள் என்பதால் லாரி ஓட்டமும் குறைவு. ஆனால் தோட்டம் தனியார் நிலம். காவல் கொட்டகையில் பெயர் சொல்லி, அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். மண் சாலையை விட்டு விலகாதீர்கள். ஆசைக்கு உள்ளே இறங்கினால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் வெட்டிய மட்டைகளை அடுக்கிவைத்திருப்பார்கள். மற்றதுதான் ஆள் நடக்கும் பாதை. மட்டைக் குவியலில் எலி இருக்கும், எலியைத் தேடி நாகம் வரும். மட்டைக் காம்பின் முள்ளும் சாதாரணமானது இல்லை. சிலிப்பர் போட்டுக்கொண்டு போகிற இடம் அல்ல, மூடிய காலணி வேண்டும்.

ஈப்போ: அரை நாள் போதும்

சாலை வழியே 30 கிலோமீட்டர் அளவுதான். அதனாலேயே பலர் ஒவ்வொரு வாரமும் ஈப்போவுக்கே போய்ச் சலித்துக்கொள்கிறார்கள். ஈப்போவை ஓய்வுக்கான இடமாகப் பார்க்காமல் வேலை முடிக்கும் இடமாகப் பார்ப்பதே சரி. ஊரில் கிடைக்காத பொருள், கண்ணாடிக் கடை, பல் மருத்துவர், லாஹாட் சாலைப் பக்கத்து லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு. பழைய நகரத்தின் குறுகிய சந்துகளில் சனி, ஞாயிறு பகலில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. வெள்ளைக் கோப்பிக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு.

அமைதி வேண்டும் என்றால் கெக் லோக் தோங் குகை. நுழைவுக் கட்டணம் இல்லை. குளிர்ந்த சுண்ணாம்புக் குகையைக் கடந்து மறுபுறம் போனால் மலைகளுக்கு நடுவே குளமும் நடைபாதையும் இருக்கும். காலையில் போனால் உள்ளூர் முதியவர்கள் மட்டும் நடந்துகொண்டிருப்பார்கள். முருகனைப் பார்க்க நினைப்பவர்கள் கல்லுமலைக்குப் போகலாம், தைப்பூச வாரத்தைத் தவிர.

புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பேருந்து நிலையம். ஈப்போவில் இரண்டு உண்டு. உள்ளூர்ப் பேருந்துகளுக்கு மேடான் கிட், ரயில் நிலையத்துக்கு அருகில். வெளியூர் விரைவுப் பேருந்துகளுக்கு அமான்ஜெயா, நகரத்துக்கு வெளியே மேரு ராயாவில். டிக்கெட்டில் ஈப்போ என்று மட்டும் பார்த்துவிட்டு மேடான் கிட்டில் போய் நின்றால் வண்டி போய்விடும். இன்னொன்று: ஈப்போவுக்குள் செயலியில் அழைக்கும் கிராப் கார் நிமிடத்தில் வரும். ஆனால் இரவில் சுங்கை சிப்புட்டுக்கு என்று அழுத்தினால் ஓட்டுநர்கள் தயங்குவார்கள், காலியாகத் திரும்பி வர வேண்டுமே. திரும்பும் வண்டியை முதலில் உறுதிசெய்துவிட்டு ஊர் சுற்றுங்கள்.

தைப்பிங்: ஓர் இரவு தங்குவதற்கு முதல் தேர்வு

மூன்று கணக்கிலும் தேறுவது தைப்பிங். சுங்கை சிப்புட்டில் ரயில் ஏறினால் அடுத்து கோலகங்சார், பிறகு தைப்பிங். ஒரு மணி நேரம்கூட ஆகாது, வண்டி மாற வேண்டாம். ஈப்போவுக்கு வடக்கே இரட்டைப் பாதையும் மின்சார ரயிலும் 2015இல் வந்தன. பாடாங் ரெங்காஸைத் தாண்டியதும் வரும் புக்கிட் பெராப்பிட் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும். பழைய மலைப்பாதையில் ரயில் ஊர்ந்து ஏறிய இடத்தை இப்போது இருட்டில் சில நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள்.

கவனிக்க வேண்டியது, இடிஎஸ் என்ற மின்சார ரயில்கள் எல்லாமே சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. ரயில் நிறுவனமான கேடிஎம்மின் செயலியில் ஈப்போ–தைப்பிங் என்று தேடினால் வரும் பட்டியலைப் பார்த்து, இதுவும் நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஏறும் நிலையமாகச் சுங்கை சிப்புட்டைப் போட்டே தேடுங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் ஈப்போ போய் ஏறலாம், ஆனால் ஒரு மாற்றம் கூடிவிடும். இருக்கைகள் எல்லாம் முன்பதிவுதான், நின்றுகொண்டு போகலாம் என்ற பேச்சே இல்லை. போகும் டிக்கெட்டைவிடத் திரும்பும் டிக்கெட்டுதான் முதலில் தீரும், அதுவும் ஞாயிறு மாலை. ஆகவே ஞாயிறு மதிய ரயிலை முதலில் எடுத்துவிட்டு, பிறகு சனிக்கிழமை ரயிலைப் பாருங்கள்.

தைப்பிங்கில் செய்ய அதிகம் இல்லை. ஓய்வு தேடுபவருக்கு அதுதான் அதன் சிறப்பு. ஏரித் தோட்டம் ஈயம் தோண்டிய குழிகளிலிருந்து 1880களில் உருவானது. கரையோரச் சாலையின் தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலே கிளையை நீட்டி, மறுபக்கம் தண்ணீரைத் தொடும் வரை சாய்ந்திருக்கும். ஏழு மணிக்குப் போய் ஒன்பதரை வரை அங்கேயே இருங்கள். யாரும் உங்களிடம் பேசமாட்டார்கள், நீங்களும் யாரிடமும் பேச வேண்டாம். ஐந்து நாள் உழைத்த தொண்டைக்கு இதைவிட மருந்து கிடையாது.

மதியத்துக்கு மேல் வெளியே எதையும் திட்டமிடாதீர்கள். தீபகற்ப மலேசியாவிலேயே மழை அதிகம் பெய்யும் நகரம் இது, ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவு. பின்னால் நிற்கும் மலை கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து மேலே தள்ளுவதால் மூன்று மணி, நான்கு மணிக்கு அடித்துப் பெய்யும். அந்த நேரத்தை அறையில் தூங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்கு நடுவே, ஏரிக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுத்தால் இடையில் வண்டிக்கு நிற்க வேண்டியதில்லை. மழை விட்டபின் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும். அதற்குப் பிறகும் தெம்பு இருந்தால் எட்டு மணிக்குத் தைப்பிங் விலங்குக் காட்சிசாலையின் இரவு உலா.

மலையடிவாரத்தில் பர்மியக் குளம் என்று ஓர் ஆற்றுக் குளிப்பிடம் உண்டு. குளிக்கலாம். ஆனால் இந்த நாட்டு மலையோடைகளில் கெப்பாலா ஆயர் என்று எல்லாரும் பயப்படும் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் பெய்த மழை, கிளையும் சேறும் அடைத்துத் தேங்கி, ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு வரும். அறிகுறிகள் இவை: தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், சருகும் குச்சியும் திடீரென்று கூட்டமாக மிதந்து வரும், மேலிருந்து இரைச்சல் கூடும். இதில் ஒன்றைக் கண்டாலும் செருப்பு, துண்டு எதையும் எடுக்கத் திரும்பாமல் பக்கவாட்டில் கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகமானது. காலை நேரத்தில் மட்டும் இறங்குவதும், மலை உச்சி கறுத்திருந்தால் அன்றைக்கு வேண்டாம் என்று விடுவதும் உள்ளூர்க்காரர் வழக்கம்.

புக்கிட் லாருட் மலைமேல் ஏறலாம் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம். மண்சரிவால் அடிக்கடி மூடப்படும் பாதை அது. கோல செப்பாத்தாங் போவது நல்ல யோசனை. சதுப்புநிலக் காட்டு மரத்தைச் சுட்டுக் கரியாக்கும் சூளைகள் இன்னும் புகைகின்றன. இந்நாட்டின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து ஓடியது அங்கேதான், அன்று அதன் பெயர் போர்ட் வெல்ட். போகக் கிராப் கிடைக்கும், வரக் கிடைக்காது. அதே ஓட்டுநரிடம் காத்திருக்கப் பேசி, தொகையை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கோலகங்சார்

பதில் பள்ளி வைத்துச் சனிக்கிழமையைப் பறித்த வாரங்களில் ஞாயிறு அரை நாளுக்கு ஏற்றது. ரயிலில் அடுத்த நிலையம். 1917இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசல், பேராக் ஆற்றங்கரையில் செண்டோல் என்ற குளிர் இனிப்பு, அவ்வளவுதான். தோட்டத்து மனிதர்களோடு வேலை செய்பவர்கள் ஒன்றைப் பார்க்காமல் வரக்கூடாது. மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கும் ரப்பர் மரம், 1877இல் நட்டவற்றில் மிஞ்சியது. உங்கள் மாணவர்களின் பாட்டன், பூட்டன் இந்த மண்ணுக்கு வந்ததன் பின்னால் அந்த மரத்தின் இனம் இருக்கிறது. பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் போதும்.

பினாங்கு: மூன்று நாள் இருந்தால் மட்டும்

பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து கூரையிட்ட நடைபாதையில் போய்ப் படகு, கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன். கேட்கச் சுலபமாக இருக்கும். இறங்கியபின்தான் களைப்பு தொடங்கும். 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம். சனி, ஞாயிறில் உள்நாட்டுக் கூட்டம், வெளிநாட்டுக் கூட்டம் இரண்டும் சேரும். பினாங்கு மலை ரயிலுக்கு வரிசை, பெயர்பெற்ற நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு வரிசை, தெருவோவியத்தின் முன் படம் எடுக்கவும் வரிசை.

அதனால் பினாங்கைத் திங்கள் பொது விடுமுறை வரும் வாரத்துக்கு ஒதுக்குங்கள், ஒரு மாதம் முன்பே டிக்கெட் எடுத்து. ஆனால் பள்ளி விடுமுறையோடு சேர்ந்து வரும் பொது விடுமுறை என்றால் விட்டுவிடுங்கள். போனால் முதல் நாள் லிட்டில் இந்தியா பக்கம், குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். இரண்டாம் நாள் விடிகாலை தண்ணீர்மலை முருகன், 513 படி. வெயில் ஏறியபின் அந்தப் படி ஓய்வு ஆகாது, நேர்த்திக்கடன்தான் ஆகும். படகில் இப்போது நடந்து வருபவர்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மட்டுமே இடம், கார் ஏற்றுவதில்லை. நண்பர் காரோடு வருகிறார் என்றால் பாலத்தில்தான் போக வேண்டும், நெரிசலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். டச் அண்ட் கோ கட்டண அட்டையில் முன்பே பணம் நிரப்பி வைத்திருந்தால் படகுத்துறையில் தடுமாற வேண்டியதில்லை.

கேமரன் மலையும் பங்கோரும்

இரண்டுக்கும் ஒரே குறை: ஈப்போ போய் மாறி, அங்கிருந்து மறுபடியும் நீண்ட சாலைப் பயணம். சிம்பாங் பூலாயிலிருந்து பிரிஞ்சாங் வரை 80 கிலோமீட்டர் அளவு வளைவுச் சாலை. வாரநாளில் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் தூரம், ஆனால் சனிக்கிழமை கீ ஃபார்ம் சந்தைக்கு முன்னால் வண்டி நின்றுவிடும். மேலே போனபின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பேருந்து கிடையாது, சொந்த வண்டி இல்லாதவர் வாடகை வண்டிக்காரரின் நேரத்துக்கு ஆடியாக வேண்டும். குளிருக்காகப் போகிறவர்கள் போகட்டும். தோட்டத்தில் வாழ்ந்துகொண்டு இன்னொரு தோட்டத்தைப் படமெடுக்க நான்கு மணி நேரம் பேருந்தில் உட்கார்வதை ஓய்வு என்று சொல்ல மனம் வரவில்லை. வாரநாளில் விடுப்பு கிடைத்தால் அது வேறு விஷயம். திங்கட்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள், ‘போ’ (BOH) என்ற தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் மையம் அன்று மூடியிருக்கும்.

பங்கோருக்கு லூமுட் போய்ப் படகு ஏற வேண்டும். கடல் வேண்டும் என்று ஏங்குபவர்களுக்கு பேராக்கில் இதைவிட நல்லது இல்லை, தெலுக் நிப்பாவில் இருவாச்சிப் பறவைகள் மாலையில் கூரைக்கு வரும். ஆனால் ஞாயிறு திரும்பும்போது படகு, பேருந்து, பேருந்து என்று மூன்று காத்திருப்பு. இரண்டு நாளில் ஒரு நாள் வழியிலேயே கரைந்துவிடும். மாசி மகத்தன்று கடலைப் பார்த்து நிற்கும் காளியம்மன் கோயிலில் பெருங்கூட்டம் சேரும். திருவிழாவுக்கென்றே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

எங்கே போனாலும்

மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதவர்கள் தங்கும் விடுதிகளில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். வேலை பெர்மிட் இருந்தாலும் விலக்கு இல்லை. இணையத்தில் காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, முகப்பில் கேட்பார்கள். மலிவு அறைக்கு இது பெரிய கூடுதல், இருவராகப் பகிர்ந்தால் பாதியாகும். பாஸ்போர்ட்டின் அசலை எடுத்துச் செல்லுங்கள். அறை எடுக்கவும் வேண்டும், வழியில் சோதனை நடந்தாலும் கைப்பேசிப் படத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்ப முடியாது.

வார இறுதியில் டியூஷன் எடுத்தால் பயணச் செலவு வந்துவிடுமே என்று பெற்றோரே ஆசை காட்டுவார்கள். வேலை பெர்மிட் ஒரு முதலாளிக்கு உட்பட்டது, வெளியே சம்பளத்துக்குக் கற்பித்தால் பெர்மிட்டுக்கே ஆபத்து. பள்ளியின் பேரைச் சொல்லி மறுத்துவிடலாம், யாரும் மனம் நோகமாட்டார்கள்.

ஞாயிறு ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயிலுக்கு நிலையத்திலேயே காத்திருக்காதீர்கள். செயலியில் சுங்கை சிப்புட் இருக்கை இல்லை என்று காட்டினால் உடனே ஈப்போ வரை தேடிப் பாருங்கள். அங்கே நிற்கும் ரயில்கள் கூடுதல், வெளிச்சம் இருக்கும்போதே வந்து இறங்கிவிட்டால் மேடான் கிட்டுக்கு நடந்துபோய் ஊர்ப் பேருந்தைப் பிடிக்கலாம்.